போகாத சைக்கிள்

சரசா பேரம் பேசாமல் ஒத்துக்கொண்டாள். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வந்தது. ஆனால் அன்றைக்குக் கடையில் சரக்கு இறக்க வேண்டியிருந்ததால், சந்தேகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டேன்.

சரசா என் மனைவி. அவள் அப்பா மாட்டுச் சந்தைத் தரகர். என் அப்பா அதே சந்தையில் கயிறும் கழுத்துமணியும் விற்றவர். அங்கே யாரும் வாயால் விலை பேச மாட்டார்கள். வாங்குகிறவனும் விற்கிறவனும் கையைப் பிடித்து மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். உள்ளே விரலைப் பிடித்து அழுத்துவதுதான் விலை. வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு முகம் மட்டும் தெரியும், முகத்தில் ஒன்றும் தெரியாது. எங்கள் கல்யாணச் செலவு யார் தலையில் என்பதே துண்டுக்கு அடியில்தான் முடிவானது. அப்படிப்பட்ட வீட்டுப் பெண், கீரைக்காரி கூடுதலாக ஒரு பிடி கொத்தமல்லி வைத்தால் "இத எதுக்கு வைக்கறா?" என்று கட்டைப் பிரித்துப் பார்க்கிறவள், ஒரு காரியத்துக்கு உடனே 'சரி' என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

காரியம் இதுதான். சரசாவுக்குச் சர்க்கரை. டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடியைக் கழற்றுகிற டாக்டர் நல்ல செய்தி சொல்லி நான் கேட்டதில்லை.

"மாத்திரைய இதுக்கு மேல ஏத்த முடியாதும்மா. பொங்கல் கழிச்சு மூணு மாச சுகர் டெஸ்ட் எடுக்கலாம். அதுக்குள்ள உடம்ப அசைச்சு எறக்கிட்டீங்கன்னா தப்பிச்சீங்க. இல்லன்னா ஊசி. தினமும், வயித்துல."

சரசா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். கொரோனா தடுப்பூசி போட்ட அன்று அவளைப் பிடித்து நிறுத்த நர்ஸம்மாவும் நானும் போதாமல் வாட்ச்மேனையும் கூப்பிட வேண்டியிருந்தது. அவள் அக்கா தினமும் சேலையை விலக்கி வயிற்றில் குத்திக்கொள்வதைப் பார்த்த நாளிலிருந்து அக்கா வீட்டுக்கே போவதில்லை.

நடக்கச் சொன்னால் நடக்க மாட்டேன் என்றாள். கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெருவை வடிகாலுக்காகத் தோண்டிப் போட்டிருந்தார்கள், நாய் வேறு. பெங்களூரில் வேலை பார்க்கும் என் பையன் அஸ்வின்தான் போனில் வழி சொன்னான். அவன் விட்டுப்போன சைக்கிள் எங்கள் வீட்டுக்கு மேலே இருக்கும் மாடியறையில் தூசி படிந்து நின்றது. அதற்கு ஒரு ஸ்டாண்டு அனுப்பினான். பின்சக்கரத்தைத் தரையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொள்ளும், டயரில் ஒரு இரும்பு உருளை உரசும். ஒரு திருகு இருக்கிறது. இறுக்கினால் மேடேறுகிற மாதிரி கனக்கும், தளர்த்தினால் லேசாகிவிடும். அஸ்வின் அதை ட்ரெய்னர் என்றான். கீழ்வீட்டில் இருக்கும் என் தம்பி பெண்டாட்டி லோகநாயகி 'போகாத சைக்கிள்' என்றாள்.

"சரி, ஓட்டறேன்" என்றாள் சரசா.

அவ்வளவுதான். ஒரு முனகல் இல்லை, "நீங்களும் ஓட்டணும்" என்று எதிர்விலை இல்லை. ஒரே ஒரு நிபந்தனை. "ஓட்டும்போது யாரும் என்னக் கூப்பிடக் கூடாது. வேர்வையோட எறங்கி எறங்கி ஏறினா நெஞ்சு அடைக்கும்."

என் கடை இருக்கிற தொழிற்பேட்டை எஸ்டேட்டில் மதியம் வியாபாரம் மந்தம். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டு ஒரு தூக்கம் போடுவேன். அந்த நேரத்தில்தான் மாடியறைத் தாழ்ப்பாள் விழும். பிறகு 'ர்ர்ர்ர்' என்று சக்கரச் சத்தம். முதல் வாரம் தாலாட்டு மாதிரி கேட்டுக்கொண்டே தூங்கினேன். இரண்டாவது வாரம் தூக்கம் வரவில்லை.

என் பிழைப்பு பேரிங்கும் பெல்ட்டும். எஸ்டேட்டில் ஒரு மெஷின் ஓடினால் வாசலில் நின்றே அது என்ன கேட்கிறது என்று சொல்லிவிடுவேன். சொன்னால்தானே விற்க முடியும்? மனுஷன் காலால் மிதிக்கிற சத்தத்தில் ஒரு தாளம் இருக்கும். இடது, வலது, இடது, வலது. மாடியிலிருந்து வந்த சத்தத்தில் அது இல்லை. ஒரே மூச்சில் ஏறும், மெல்லத் தேயும், அணையப்போகிற நேரத்தில் மறுபடி ஒரு ஏற்றம். தூளியை ஆட்டிவிட்டு வேறு வேலை பார்க்கிறவள் கை மாதிரி.

சாயங்காலம் அவள் காய் வாங்கப் போனபோது மாடிக்குப் போனேன். ஹேண்டில்பாரில் ஒரு பலகை. என் கடை பெல்ட்டால் இறுகக் கட்டியிருந்தது, அதுவும் நல்ல பெல்ட். பலகை மேல் ஒரு தடித்த நாவல். பக்கத்தில் வேர்வை துடைக்கும் துண்டு. தொட்டுப் பார்த்தேன். இஸ்திரி மடிப்புகூடக் கலையவில்லை, காய்ந்து கிடந்தது. அன்றைக்கு அவள் 'ஓட்டியது' ஏறக்குறைய இரண்டு மணி நேரம்.

யோசித்துப் பாருங்கள். கஷாயத்தை ஒரு டம்ளர் குடி என்றால் இரண்டு டம்ளர் கேட்டு வாங்கிக் குடிக்கிற ஆள் உண்டா?

ராத்திரி சாப்பாட்டில் மெதுவாக ஆரம்பித்தேன். "எப்படி ஓடுது சைக்கிள்?"

"நல்லா ஓடுது."

"கால் வலிக்கலையா?"

"வலிக்காம? வலிக்கத்தான் செய்யுது."

"எந்தக் கால்?"

சட்டென்று நிமிர்ந்தாள். "ரெண்டு காலும்தான். இது இன்னா கேள்வி? ரசம் ஊத்தட்டுமா?"

'எந்தக் கால்' என்றதும் அவள் முகத்தில் ஓடியதைச் சந்தையில் பார்த்திருக்கிறேன். பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று கேட்டால் மாட்டுக்காரன் முகத்தில் ஓடும்.

கேட்டு வாங்க முடியாததைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். மறுநாள் காலையில் அவள் குளிக்கும்போது மறுபடி மேலே போனேன். அந்த நாவலில் ஒரு பக்கத்தின் முனை மடித்திருந்தது. பிரித்துப் படித்தேன். ஒரு பெண்டாட்டி. சிரித்த முகம். புருஷனின் காபியில் எதையோ போட்டு ஸ்பூனால் கலக்குகிறாள். அவன் ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னிக்கு லேசா கசக்குதே" என்கிறான். அவள், "டிகாஷன் கொஞ்சம் ஸ்ட்ராங்" என்கிறாள். பக்கம் முடிந்துவிட்டது. அடுத்த பக்கத்தைப் பார்க்கலாமென்றால் குளியலறைக் கதவு திறக்கிற சத்தம்.

கீழே வந்தேன். மேஜையில் காபி.

"குடிங்க, ஆறுது."

ஒரு வாய் குடித்தேன். எங்கள் வீட்டில் சர்க்கரை டப்பாவைத் தூக்கிப் பரணில் போட்டு ஒரு மாதம் ஆகிறது, எல்லாருக்கும் கசப்புதான். ஆனால் அன்றைக்கு அது வேறு கசப்பு மாதிரி இருந்தது.

"இன்னிக்கு... லேசா கசக்குதே?"

"டிகாஷன் கொஞ்சம் ஸ்ட்ராங்" என்றாள் சரசா. சிரித்த முகம்.

காபியை ஜன்னல் ஓரத் துளசிக்கு ஊற்றினேன். இரண்டு நாள் துளசியைக் கவனித்தேன். துளசி தழைத்தது. சரி, உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் இவளுக்குப் புத்தகம் எங்கிருந்து வருகிறது? கல்யாணமான நாளாக இவள் கையில் பஞ்சாங்கத்தைத் தவிர ஒன்றைப் பார்த்ததில்லையே.

தடயம் புத்தகத்தின் முதுகிலேயே இருந்தது. சிவப்புச் சாக்பீஸில் ஒரு பெருக்கல் குறி. ஸ்டேஷன் போகிற வழியில் பழைய பேப்பர் கடை வைத்திருக்கும் சின்னப்பையன் என்கிறவன்தான் எடை போட்ட சரக்கில் அப்படிக் குறி போடுவான். போனேன்.

"வா அண்ணாத்தே! இன்னா இந்தப் பக்கம்? அட்டைப்பெட்டி கீதா?"

"பெட்டி இல்ல. எங்க ஊட்டம்மா இங்க வருதா?"

சின்னப்பையன் தராசை விட்டுவிட்டு எழுந்தே நின்றுவிட்டான். "வருதாவா? வாராவாரம் வருது. நீ பேரம் பேசி நான் பாத்துகீறேன், அண்ணாத்தே. நீ இன்னா, எல்.கே.ஜி. அது பேசறதுதான் பேரம். எட போட்டு எடுத்துகினு போகும், படிச்சுட்டுக் கொண்டாந்து அதே எடைக்கு மாத்திகினு போகும். 'ஒரு பக்கம் கொறஞ்சா எடையில கழிச்சுக்கோ'ன்னுது. எந்த ஊர்லப்பா இந்த நியாயம்?"

"இன்னா மாதிரி புத்தகம்?"

"தலகாணி சைஸ் கேக்குது. கொலை கேசு, குடும்பக் கத, ராஜா கத, எதுவானாலும் சரி. மொதல்ல கடைசி பக்கம் கீதான்னு பாக்கும். அப்பால முனை மடிஞ்சிருந்தா வேணாம்னு தூக்கிப் போட்டுரும். 'புத்தகத்த மடிக்கறவனுக்குக் கை எதுக்குடா'ன்னு என்னியே கேக்குது. நானா மடிச்சேன்?" கொஞ்சம் குனிந்து குரலைத் தாழ்த்தினான். "ஏன் அண்ணாத்தே, ஊட்ல எதுனா பிரச்சனையா?"

"சைக்கிள் ஓட்டுது" என்றேன்.

"சைக்கிள் ஓட்டிகினு எப்டி படிக்கும்? கீழ வுழாது?"

"அது போகாத சைக்கிள்."

சின்னப்பையன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "நீ கெளம்பு அண்ணாத்தே. வெயில் ஜாஸ்தியா கீது."

அவன் பார்த்த பார்வையைவிட நான் கணக்குப் போட்டதுதான் என்னைச் சுட்டது. கார்த்திகை பாதி போய்விட்டது. இவள் ஓட்டவில்லை. உட்கார்ந்து கதை படித்துக்கொண்டிருக்கிறாள். பொங்கல் வரும், டெஸ்ட் வரும், டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றுவார். அப்புறம் தினமும் காலையில் ஊசியும் கையுமாக இவளை வீடு முழுக்கத் துரத்தப்போவது யார்? நான்தான். ஏமாற்றப்பட்டது நான் மட்டுமென்றால் பரவாயில்லை, அதற்கு வியாபாரத்தில் பழக்கம் உண்டு. இவள் தன் உடம்பையே ஏமாற்றிக்கொண்டிருக்கிறாள்.

மறுநாள் மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்த மாதிரி நடித்தேன். குறட்டைகூட விட்டேன். மாடியில் 'ர்ர்ர்ர்' தொடங்கியதும் செருப்பில்லாமல் ஏறினேன். கதவை லேசாகத் தொட்டேன். தாழ்ப்பாள் போடவில்லை. திறந்துகொண்டது.

சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. சீட்டு மேல் யாரும் இல்லை. பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் சரசா சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் தலையணை, தலையணை மேல் புத்தகம். வலது கால் மட்டும் நீண்டு பெடலில். தையல் மெஷினை மிதிக்கிற மாதிரி ஒரு தள்ளு, சக்கரம் சுற்றும், ஒரு பக்கம் படிப்பாள், மறுபடி ஒரு தள்ளு. திருகு முழுக்கத் தளர்ந்திருந்தது.

"வலது கால்" என்றேன்.

திடுக்கிட்டுத் திரும்பினாள். ஆனால், ஆச்சரியம், பதறவில்லை. புத்தகத்துக்குள் விரலை வைத்துக்கொண்டு, "கதவ மூடுங்க" என்றாள்.

"மூடறேன், மூடறேன். ஊசி வயித்துல ஏறும்போது எந்தக் கதவ மூடுவ? ஊரே 'சரசாக்கா மாதிரி உண்டா, ரெண்டு மணி நேரம் ஓட்டறாங்க'ன்னு சொல்லிகினு கீது. என் காதுல போய்ப் பூ சுத்தறியா? பேரிங் விக்கறவன் காதும்மா இது!"

"மெதுவா பேசுங்க."

"ஏன் மெதுவா? எதுக்கு இந்த நாடகம்? படிக்கணும்னா கீழ ஹால்ல ஃபேன் போட்டு ராணி மாதிரி உக்காந்து படியேன். யார் வேணாம்னா?"

அவள் காலைப் பெடலிலிருந்து எடுத்துவிட்டு என்னையே பார்த்தாள். சக்கரம் வேகம் குறைந்தது. 'ர்ர்ர்' தேய்ந்தது. நின்றது.

நின்ற அதே மூச்சில் கீழேயிருந்து லோகநாயகி குரல்.

"அக்கா! முடிச்சிட்டீங்களா? கொஞ்சம் பாப்பாவப் பாத்துக்கறீங்களா, நான் குளிச்சிட்டு வந்துடறேன்! அப்டியே உங்க மிக்ஸி ஜாரு ஒண்ணு வேணும்!"

என் போன் அடித்தது. கீழ்வீட்டிலிருந்தே தம்பி உலகநாதன். "அண்ணே, சைக்கிள் சத்தம் நின்னுச்சே, அண்ணி சும்மாதானே கீது? தண்ணி கேன்காரன் வருவான், ரெண்டு வாங்கி வைக்கச் சொல்லு."

சரசா அசையவில்லை. என்னை மட்டும் பார்த்தாள். எவ்வளவு தருவாய் என்று கேட்கிற பார்வை இல்லை. சரக்கைப் பார்த்துக்கொண்டாயா என்கிற பார்வை.

படியில் லோகநாயகியின் கொலுசுச் சத்தம் கேட்டது. நான் என்ன நினைத்தேனோ, குனிந்து கையாலேயே பெடலைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினேன். சக்கரம் 'ர்ர்ர்ர்' என்றது. கொலுசு பாதிப் படியில் நின்றது.

"ஓ, இன்னும் ஓட்டறாங்க போல. ஒடம்புக்கு நல்லது, வுடு" என்று குழந்தையிடம் சொல்லிக்கொண்டே லோகநாயகி இறங்கிப் போனாள்.

"ஹால்ல ராணி மாதிரி" என்றாள் சரசா. "புத்தகத்தத் தொறந்தாலே நான் சும்மா இருக்கறது எல்லாருக்கும் ஞாபகம் வந்துடுது. உங்களுக்கும் சேர்த்துத்தான். 'சரசா, நகவெட்டி எங்க?' அஸ்வின் பொறந்தப்ப எங்க அம்மா வீட்ல படிச்ச ஒரு தொடர்கதைய பாதியில விட்டேன். அந்த ஆள் யாரக் கட்டிகிட்டான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. இதுல உக்காந்தா மட்டும் யாரும் கூப்பிடறதில்ல. டாக்டர் சொன்னதாச்சே."

"அப்ப ஏறி ஓட்டிகினே படிக்கறது."

"ஓட்டிப் பாத்தேன். எழுத்து குதிக்குது. படிச்சா கால் நிக்குது, மிதிச்சா வரி ஓடுது." குரல் இறங்கியது. "ஊசி எனக்கும் பயம்தாங்க. ராத்திரி நெனச்சுப் பாத்தா தூக்கம் வர்றதில்ல. காலையில, இன்னிக்கு ஏறிடணும்னுதான் நெனைக்கறேன். கதைய எடுத்தவொடனே..."

என் கையில் பெடல், அவள் கையில் புத்தகம். இரண்டு பேரில் யாராவது இறங்கி வர வேண்டும். வாயால் இறங்கினால் எங்கள் இரண்டு குடும்பத்துக்குமே கௌரவக் குறைச்சல். சரசா ஹேண்டில்பாரிலிருந்து அந்தக் காய்ந்த துண்டை எடுத்தாள். என் வலது கையைப் பிடித்தாள். துண்டை மேலே போட்டாள். இடது கையால் நான் பெடலைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

ஒரு விரல் அரை மணி என்று அவளே சொன்னாள். பிறகு மொத்தத்துக்கு நாலு விரலைப் பிடித்தாள்.

"சீட்டு மேல?" என்றேன். திருகை இறுக்கி, என்று கண்ணால் சேர்த்துக்கொண்டேன்.

ஒரு விரலைத் தொட்டாள். நான் அவளுடைய மூன்று விரலைப் பிடித்தேன். அவள் கையை உதறப் பார்த்தாள், நான் விடவில்லை. முகத்தில் இரண்டு பேரும் ஒன்றும் காட்டவில்லை. கடைசியில் இரண்டில் நின்றது.

"சரி. மீதி ரெண்டு நாற்காலியில. அப்ப சத்தம் யார் போடறது?" என்றேன்.

என் உள்ளங்கையில் நறுக்கென்று ஒரு குத்து.

"நானா? என் தூக்கம்?"

இன்னொரு குத்து.

இப்படித்தான் என் மத்தியானத் தூக்கம் போனது. முதல் பாதி அவள் சீட்டில் ஏறுவாள், திருகை நான்தான் இறுக்குவேன். முதல் சில நாள் எழுத்து குதித்தது, திட்டினாள், இறங்கிவிடுவேன் என்றாள். பெரிய எழுத்துப் புத்தகமாகக் கேட்டுச் சின்னப்பையனைப் படுத்தினாள். பிறகு ஒருநாள் கதையில் கொலைகாரன் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருக்க, கீழே கேட்கிற அளவுக்கு மிதித்துத் தள்ளினாள். துண்டு சொட்டச் சொட்ட நனைந்தது. இரண்டாம் பாதி நான் ஏறுவேன். திருகைத் தளர்த்தத்தான் பார்ப்பேன், நாற்காலியிலிருந்து ஒரு கண் வரும், அப்படியே விட்டுவிடுவேன். சத்தத்துக்குள் சத்தமாக அவள் எனக்கும் படித்துக் காட்டினாள். காபி கலக்கிய அந்தப் பெண்டாட்டி உண்மையில் போட்டது சிக்கரிதான் என்று அப்போதுதான் தெரிந்தது. புருஷனைக் கொன்றது அவன் பங்காளி. எனக்கு அவன் மேல் ஆரம்பத்திலிருந்தே சந்தேகம்தான்.

பொங்கல் முடிந்து டெஸ்ட். காகிதம் வாங்கிக்கொண்டு போகும் வழியெல்லாம் ஆட்டோவில் சரசா என் கையை விடவில்லை. டாக்டரம்மா பார்த்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை.

"நல்லா எறங்கியிருக்கே! ஊசி வேண்டாம்மா. இதையே விடாம பண்ணுங்க."

"டாக்டர், இன்னும் ஒரு மணி நேரம் கூட்டிக்கலாமா?" என்றாள் சரசா.

டாக்டரம்மா அசந்துபோனார். "உடற்பயிற்சிய கூடக் கேக்கற மொத பேஷண்ட் நீங்கதாம்மா. தாராளமா!" என்று மருந்துச் சீட்டில் எழுதியே கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அந்தச் சீட்டு கீழ்வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டப்பட்டது.

அன்று மதியம் மூன்றாவது மணி நேரத்தில் சீட்டு மேல் உட்கார்ந்து நான் மிதித்துக்கொண்டிருந்தேன். இறங்கியது அவள் சர்க்கரை, கரைந்தது என் தொப்பை. மிதிக்கிறவனுக்கு யோசிக்க நேரம் நிறைய. தினமும் தாழ்ப்பாள் போடுகிறவள் அன்றைக்கு மட்டும் ஏன் போடவில்லை? சரி, மறந்திருக்கலாம். ஆனால் முனை மடிந்த புத்தகத்தைத் தொடவே மாட்டாள் என்றானே சின்னப்பையன். அப்படியானால் காபிப் பக்கத்தை மடித்தது யார்? நான் குனிந்து பார்க்கிற மாதிரி, பலகை மேல், நான் திருட்டுத்தனமாக வருவேன் என்று தெரிந்தே?

தனியாக அவளால் ஓட்டவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. பொங்கலோ நெருங்கிக்கொண்டிருந்தது. வந்து உதவு என்று கேட்டால் அவள் இறங்கி வந்ததாக ஆகிவிடும். நானாகப் படியேறி வந்து பிடித்தால், கேட்டவன் நான்.

மிதிப்பதை நிறுத்தினேன். "சரசா, அந்தப் பக்கத்த நீதான மடிச்ச?"

அவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. துண்டை மட்டும் என் பக்கம் நீட்டினாள்.

"அக்கா! முடிச்சிட்டீங்களா?" என்றது கீழே.

மிதித்தேன்.